ஜீப்புக்கு ஞாபகம் கிடையாது: ராணுவ உபரியும் அதற்குள் தங்கிவிடும் தரவும்

மணிலா தெருக்களில் ஓடும் ஜீப்னியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நீண்ட உடம்பு, பளபளக்கும் தகரம், பக்கமெல்லாம் கண்ணைப் பறிக்கும் ஓவியம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை பிலிப்பைன்ஸில் விட்டுச்சென்ற ஜீப்புகளை வாங்கி, பின்பக்கத்தை நீட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்டு, கூரை கட்டியதில் பிறந்த வண்டி அது. போரில் ஆளும் சரக்கும் ஏற்றிய டகோட்டா விமானங்களும் அப்போது மலிவு விலைக்கு வந்தன. உலகமெங்கும் பல விமான நிறுவனங்கள் அவற்றை வைத்துத்தான் தொழிலைத் தொடங்கின.

ராணுவம் வேண்டாமென்று ஒதுக்கியதை வேறொருவர் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொள்வதைத்தான் உபரித் தளவாட மறுபயன்பாடு என்கிறோம். வரிப்பணத்தில் வாங்கியது காயலான் கடைக்குப் போவதைவிட நாலு பேருக்கு உதவட்டுமே என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் 1945இல் ஜீப் வாங்கியவருக்குக் கிடைத்தது இரும்பும் எஞ்சினும் மட்டுமே. எங்கெல்லாம் போனோம், யாரை ஏற்றினோம் என்ற ஞாபகம் அந்த ஜீப்புக்குக் கிடையாது. இன்று ராணுவம் கழிக்கும் பொருள்களில் பலவற்றுக்கு ஏதோ ஒரு ஞாபகம் இருக்கிறது: ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு மெமரி கார்டு, ஒரு சிப். பழைய சாமான் விற்பனையும் இணையப் பாதுகாப்பும் சந்திக்கும் இடம் அதுதான். இந்த இடத்தில் என்னென்ன தவறு நடக்கிறது, அது நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

இதில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் 1033 திட்டம். போதைப்பொருள் ஒழிப்புக்காக 1990 வாக்கில் தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு, 1997 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் 1033ஆம் பிரிவில் நிரந்தரமானது. பெயர் வந்த கதை அவ்வளவுதான். ராணுவத்துக்கு மிஞ்சியதை உள்ளூர்க் காவல் துறைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பொருளுக்கு விலை இல்லை. ஏற்றிக்கொண்டு போகும் செலவும் பராமரிப்பும் வாங்குபவர் பாடு. தொடங்கிய நாள் முதல் கைமாறியவற்றின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். இது ராணுவம் முதலில் வாங்கிய விலை, இன்றைய மதிப்பல்ல. செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

கவச வண்டியும் துப்பாக்கியும்தான் படத்தில் வரும். எண்ணிக்கையில் பார்த்தால் பெரும்பகுதி தூங்கு பை, அலமாரி, ஜெனரேட்டர், முதலுதவிப் பெட்டி, ஷூ மாதிரியான சாதாரணப் பொருள்கள். இந்த இரண்டு வகையும் ஒரே பதிவேட்டில் இருக்கின்றன, ஆனால் விதி வேறு. துப்பாக்கி, கவச வண்டி, இரவில் பார்க்கும் கண்ணாடி போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும். அவற்றை எத்தனை வருடம் பயன்படுத்தினாலும் சொந்தக்காரர் ராணுவம்தான், இரவல் மாதிரி. அலமாரியும் ஷூவும் ஒரு வருடம் கழிந்தால் காவல் துறைக்கே சொந்தமாகிவிடும். சொந்தமானதும் ராணுவத்தின் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் பெரிய தலைவலியாக வருகிறது.

2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். போராட்டம் வெடித்தது. கவச வண்டி மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்களின் படம் உலகமெல்லாம் போனது. அங்கே தெரிந்த எல்லாமே 1033 வழியாக வந்தவை அல்ல, ஆனாலும் திட்டத்தின் பெயர் அன்றுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அப்புறம் நடந்தது ஒரு ஊஞ்சலாட்டம். 2015இல் ஒபாமா கட்டுப்படுத்தினார். 2017இல் டிரம்ப் தளர்த்தினார். 2022இல் பைடன் மறுபடி இறுக்கினார். 2025 ஜனவரியில் டிரம்ப் திரும்பி வந்த முதல் நாளே அந்த ஆணையும் போனது.

இதற்கிடையே, 2017இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் ஒரு வேலை செய்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஆய்வு இது. இல்லாத ஒரு மத்தியக் காவல் அமைப்பைக் காகிதத்தில் உருவாக்கினார்கள். பொய்யான இணையதளம், பொய்யான முகவரி. அந்த முகவரியில் இருந்தது காலி மனை. விண்ணப்பம் போட்டார்கள், சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பொருள் வேண்டுமென்று கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, 100க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டுப் பொருள்களுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. மதிப்பு சுமார் 12 லட்சம் டாலர். இரவில் பார்க்கும் கண்ணாடிகளும், பயிற்சிக்கான போலித் துப்பாக்கிகளும், போலிக் குழாய்க் குண்டுகளும் அதில் இருந்தன. கிடங்குக்குப் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டும் வந்துவிட்டார்கள். ஒரு பூட்டைக்கூட யாரும் உடைக்கவில்லை, கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. “நீ யார்” என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இணையப் பாதுகாப்பில் அடையாளச் சரிபார்ப்பு என்று பெரிய பெயரில் சொல்வதும் இந்தக் கேள்வியைத்தான்.

ஆய்வு எதன் மேல் நிற்கிறது

கொள்கை ஆய்வு என்ற சொல் பலருக்குக் கொஞ்சம் மயக்கமானது. ஓர் அரசுத் திட்டம் சொன்ன வேலையைச் செய்கிறதா, செய்தால் என்ன விலையில், வேறு எப்படிச் செய்யலாம் என்று ஆதாரத்தோடு தேடுவதுதான் அது. அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. அமெரிக்க விமானப் படைக்காகத் தொடங்கி 1948இல் தனி நிறுவனமான ரேண்ட் அவற்றில் பழையது. இணையப் பாதுகாப்பையும் ஆராய்கிறது, 1033 திட்டத்தைப் பற்றியும் 2018இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதற்கு வெளியே பல்கலைக்கழகப் பொருளாதாரக்காரர்களும் அரசியல் அறிவியல்காரர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பல்கலைக்கழகக் கதை சுவாரசியமானது. 2017இல் ஒரு பெயர்பெற்ற பொருளாதார இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன: ராணுவப் பொருள் அதிகம் பெற்ற இடங்களில் குற்றம் குறைகிறது. அதே வருடம் வேறொரு இதழில் இன்னொரு கட்டுரை: பொருள் அதிகம் பெற்ற இடங்களில் போலீசார் கொல்லும் ஆட்களின் எண்ணிக்கை கூடுகிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தும்போது அன்றைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், குற்றம் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன என்று மேடையில் பேசினார். ஆய்வு கொள்கையானது இப்படித்தான்.

2020 இறுதியில் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள் இதைத் தலைகீழாக்கின. முதல் கட்டுரைகள் மாவட்ட அளவிலான தொகைக் கணக்கை வைத்து எழுதப்பட்டவை. எந்தக் காவல் நிலையத்துக்கு எது போனது என்று பிரித்துப் பார்த்தபோது, குற்றம் குறைந்தது என்ற முடிவு நிற்கவில்லை. கூடவே பதிவேட்டிலேயே ஓட்டைகள் தெரிந்தன. வெவ்வேறு காலத்தில் வெளியான இருப்புக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு வருடம் ஆனதும் அலமாரியும் ஷூவும் பதிவேட்டிலிருந்து மறையும் என்றேனே, அதுவும் இங்கே வந்து இடிக்கிறது: இன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு 10 வருடத்துக்கு முன் யாரிடம் என்ன இருந்தது என்று கணக்கிட முடியாது. இருப்பைக் காட்டும் பட்டியல் ஒன்று, வந்ததும் போனதும் எழுதிய பேரேடு வேறொன்று. மளிகைக் கடைக்காரருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, பொருள் போகும்போது கூடவே போக வேண்டிய கணக்கு போகவில்லை. சரி, போகக் கூடாதது ஏதாவது கூடவே போகிறதா?

68 டாலருக்கு 2,632 பேர்

ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், பழம்பெரும் ஹேக்கர் அமைப்பு. அதன் ஆய்வாளர்கள் இபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் அமெரிக்க ராணுவத்தின் பழைய அடையாளப் பதிவுக் கருவிகள் 6 வாங்கினார்கள். கைரேகை எடுக்கும், கருவிழியைப் படம் பிடிக்கும், முகத்தைப் புகைப்படம் எடுக்கும் கையடக்கப் பெட்டி. ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களிடம் நீட்டப்பட்டது இதுதான். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் கொடுத்த விலை 68 டாலர். அதன் மெமரி கார்டில் 2,632 பேருடைய பெயர், நாடு, புகைப்படம், கைரேகை, கருவிழிப் படம் இருந்தன. கடைசியாகப் பயன்படுத்தியது 2012 கோடையில், கந்தஹார் அருகே. 2022 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. எந்தத் தரவும் மறைகுறியாக்கம் செய்யப்படவில்லை. அதாவது பூட்டே இல்லை.

அந்த 2,632 பேரில் தேடப்பட்டவர்களும் உண்டு, அமெரிக்கப் படையோடு வேலை பார்த்தவர்களாகத் தெரிந்தவர்களும் உண்டு, சும்மா சாவடியில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தபின் ‘இவர் அமெரிக்கருக்கு உதவியவர்’ என்று சொல்லும் பட்டியலில் இருப்பது உயிர்ப் பிரச்சினை. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். கருவிழியை மாற்ற முடியாது.

ஜெர்மன் ராணுவமும் தப்பவில்லை. 2020இல் போஹும் என்ற ஜெர்மன் நகரத்தின் ஜி டேட்டா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தார், அந்த ராணுவத்தின் பழைய மடிக்கணினி ஒன்றை இபேயில் 90 யூரோவுக்கு வாங்கினார்கள். விண்டோஸ் 2000இல் ஓடும், செங்கல் மாதிரி கனமான பெட்டி. உள்ளே ‘ஓசலாட்’ என்ற வான்காப்பு ஏவுகணை வண்டியை இயக்கும் கையேடு இருந்தது. பாஸ்வேர்டு ‘கெஸ்ட்’. அதற்கு முந்தைய வருடம் பவேரியாவில் ஒரு வனக் காவலர், அரசு உபரி விற்பனையில் நாலு மடிக்கணினிகளை 221 யூரோவுக்கு வாங்கினார். அதில் ஒன்றில் மார்ஸ் ராக்கெட் ஏவு வண்டி பற்றிய ஆவணங்கள் இருந்தன. 2009இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சும்மா பழைய ஹார்ட் டிஸ்குகளை வாங்கித் துருவியபோது, அமெரிக்காவின் தாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் சோதனை ஏவுதல் பற்றிய விவரமே கிடைத்தது.

மடிக்கணினி பழசாகிவிட்டது, ஓசலாட் பழசாகவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்த வண்டி அப்போதும் படையில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி உபரி, அதற்குள் இருந்த தகவல் உபரி அல்ல. கிடங்குக்காரர் பார்ப்பது பெட்டியை. பட்டியலில் ‘மடிக்கணினி, 1’ என்று இருக்கும். அதற்குள் உள்ள கார்டுக்கோ டிஸ்குக்கோ தனியாக ஒரு வரி இருக்காது. வரி இல்லாததை யாரும் தேடவும் மாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் தொழில்நுட்பத்தில் இல்லை, இந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது.

அழித்தேனே, எப்படி வந்தது?

அழிப்பது எப்படி என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கணினியில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் ஃபைல் அழிவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்புதான் அழிகிறது. வீட்டுக் கதவு எண்ணைக் கழற்றினால் வீடு இடிந்துவிடாதல்லவா, அது மாதிரி. அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும், தேடித் தரும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கும். விரைவு ஃபார்மட் என்பதும் பெரும்பாலும் இதே கதைதான், தெருவுக்கே கதவு எண்ணைக் கழற்றுவது.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுக்க ஒருமுறை மேலெழுதிவிட்டால் போதுமான அளவு போய்விடும். அதற்கென்றே உள்ள வலுவான காந்தக் கருவியில் காட்டினாலும் போய்விடும். ஆனால் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எதிலும் காந்தம் வேலைக்கு ஆகாது, அதில் காந்தமே இல்லை. மேலெழுதுவதும் முழுசாக எட்டாது. அந்தச் சிப்புகளில் ஒவ்வொரு அறையும் இத்தனை முறைதான் எழுதத் தாங்கும். அதனால் உள்ளே இருக்கும் ஒரு குட்டி மேலாளர், நீங்கள் ‘இங்கே எழுது’ என்றால் தேயாத வேறு அறையில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே ஓரமாக வைத்துவிடும். உங்கள் கண்ணுக்குத் தெரியாத உபரி அறைகளும் உண்டு. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் இதைச் சோதித்தார்கள். ஹார்ட் டிஸ்குக்காக உருவான முறைகளில் எதுவும் எஸ்எஸ்டியில் ஒரு தனி ஃபைலை நம்பகமாக அழிக்கவில்லை. தயாரிப்பாளரே வைத்திருந்த அழிப்புக் கட்டளைகூடச் சில சாதனங்களில் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு அழிக்காமல் இருந்தது.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் இதற்கு வழிகாட்டி வைத்திருக்கிறது, எண் 800-88, முதலில் வந்தது 2006இல். மூன்று படி சொல்கிறது: சாதாரண மென்பொருளால் மீட்க முடியாதபடி துடைப்பது, ஆய்வகத்தில் வைத்தாலும் மீட்க முடியாதபடி நீக்குவது, கடைசியாகச் சாதனத்தையே அழிப்பது. மிக ரகசியமான எஸ்எஸ்டிக்கு அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கேட்பது 2 மில்லிமீட்டர் துகள். அரிசி மணியைவிடச் சின்னது.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, ஆனால் கடைசி நாளில் செய்ய முடியாது. முதல் நாளிலிருந்தே எல்லாத் தரவையும் மறைகுறியாக்கி வைத்துவிட்டால், கழிக்கும் நாளில் சாவியை மட்டும் தூக்கிப்போட்டால் போதும். மிச்சம் இருப்பதெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். கந்தஹார் பெட்டியில் இது இருந்திருந்தால் 68 டாலருக்குக் கிடைத்திருப்பது ஒரு கேமரா மட்டுமே.

எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்பும்போது, ஊருக்கு எடுத்துப்போகும் செலவுக்குப் பொருள் தேறாது என்று சுமார் 7.7 கோடி கிலோ வண்டியையும் தளவாடத்தையும் அமெரிக்கப் படை வெட்டிப் பழைய இரும்பாக உள்ளூரில் விற்றதாக 2013இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. பல லட்சம் டாலர் கவச வண்டி கிலோ கணக்கில் போனது. சிப்பில் இருக்கும் நாலு கிராமை நொறுக்க வேண்டிய இடத்தில் நொறுக்காமல், நொறுக்க வேண்டாத நாலாயிரம் கிலோவை நொறுக்குவது பாதுகாப்பு ஆகாது.

ராணுவம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023இல் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், பிற நிறுவனங்கள் கழித்த 18 ரூட்டர்களைப் பழைய சந்தையில் வாங்கியது. ஆராய முடிந்தவற்றில் பாதிக்கு மேல், முன்னாள் உரிமையாளர் யார், அவருடைய வலையமைப்புக்குள் எப்படி நுழைவது என்பது வரை சொல்லின.

இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்தால் ஒன்று கண்ணில் படுகிறது. புள்ளியியல் கட்டுரைகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போய் வாங்கிப் பார்த்தவர்களின் முடிவை யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த முறைக்கும் எல்லை உண்டு. 6 பெட்டி வாங்கி அதில் கசிவு இருந்தால், கசிகிறது என்று சொல்லலாம். விற்கப்பட்ட மொத்தத்தில் எத்தனை கசிகிறது என்று சொல்ல, மறுபடியும் அந்தப் பேரேடுதான் வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஆண்ட்ராய்டு போன் கிடந்தால், இதே பாடம் சின்ன அளவில் அதிலும் உண்டு. அண்மைக் காலப் போன்கள் உள் நினைவகத்தைத் தாமாகவே மறைகுறியாக்கிவிடுகின்றன. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சாவி போய்விடும், அதுவே போதும். பக்கவாட்டில் செருகியிருக்கும் மெமரி கார்டு வழக்கமாக அந்தப் பூட்டுக்குள் வராது. கந்தஹார் பெட்டியில் மாட்டிக்கொண்டதும் அப்படி ஒரு கார்டுதான். எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் அதைக் கழற்றிக்கொள்ளுங்கள்.